மின்னிசைப் பாணர்க்கு யார் வள்ளல்?

மின்னணு இசையால் வாழ்வோரைக் காட்டிலும், மின்னணு இசையால் வாழ்வது எப்படி என்று கற்பித்து வாழ்வோர் பெருகிவிட்டார்களோ என்று ஐயுற வேண்டிய காலம் இது. மிகை என்று கருதுவோர் நம் நகரங்களின் பேருந்து நிலையச் சுவர்களையும், கைபேசித் திரையில் இடையிடையே வந்து விழும் விளம்பரங்களையும் ஒருநாள் பொறுமையாக எண்ணிப் பார்க்கட்டும். மூன்று மாதத்தில் இசையமைப்பாளர் ஆகலாமாம். வீட்டிலிருந்தபடியே உலகை ஆட்டுவிக்கலாமாம். ஒரு மடிக்கணினியும் ஒரு காதணிபாடியும் (ஹெட்போனைத்தான் சொல்கிறோம்) போதுமாம். கட்டணத்தைத் தவணையிலும் செலுத்தலாமாம்.

நாம் இசைத்துறையினர் அல்லோம். தமிழ் கற்பிப்பது நம் தொழில். ஆயினும் இதில் வாய் திறக்க நமக்கு ஓர் உரிமை உண்டு. கலைஞன் எங்குச் சென்றால் பிழைப்பான் என்று வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்து, அதற்கு இலக்கணமும் செய்து வைத்த மொழி நம்முடையது. ஆற்றுப்படை என்பது வேறென்ன? பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு பாணனை, தான் பெற்ற இடத்திற்கு வழி சொல்லி அனுப்புகிறான். நல்லியக்கோடனிடம் செல், இளந்திரையனிடம் செல், நன்னனிடம் செல் என்கிறான். இதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். சொல்பவன் தானே பெற்றவன். அவன் கேட்பவனிடம் காசு வாங்குவதில்லை. வழியின் கேடுகளை அவன் மறைப்பதுமில்லை. மலைபடுகடாத்தைப் பயின்றோர் அறிவர்: பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எப்பக்கம் வரும், எந்தப் பாறை வழுக்கும், எந்தக் கயத்தில் முதலை கிடக்கும் என்றெல்லாம் சொல்லித்தான் கூத்தரை அனுப்புகிறார் அப்புலவர்.

இன்றைய ஆற்றுப்படுத்துவோரைப் பாருங்கள். நன்னன் இல்லை, நன்னன் இருக்கும் ஊரும் சொல்லப்படுவதில்லை. வழிகாட்டியே வள்ளலின் இருக்கையில் அமர்ந்துகொண்டு, பரிசிலைப் பாணனிடமிருந்து வாங்குகிறார்.

இதைச் சொன்னவுடன் நம் பக்கம் வந்து நிற்கும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களை முதலிலேயே விலக்கிவிடுகிறோம். 'பொத்தானை அழுத்தினால் வருவதெல்லாம் இசையா' என்று கேட்கும் பெரியோர்தாம் அவர்கள். ஆசிரியர் அறையில் நமக்கு இவர்களோடு ஓயாத வழக்கு. அவர்கள் பொருட்டு ஒரு பெண்ணின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வழக்கின் மையமும் அக்கதையில்தான் இருக்கிறது.

டெலியா டெர்பிஷயர் 1937இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் கற்றவர். படிப்பு முடித்து டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பின்னர் பிபிசியில் சேர்ந்து, நாடகங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் புதிய ஒலிகளை உண்டாக்க 1958இல் அந்நிறுவனம் தொடங்கியிருந்த ரேடியோபோனிக் பட்டறைக்குச் சென்றார். 1963இல் 'டாக்டர் ஹூ' என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பிசை தேவைப்பட்டது. ரான் கிரெய்னர் என்ற இசையமைப்பாளர் மெட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அதை ஒலியாக்கும் பொறுப்பு டெர்பிஷயருடையது.

அன்று அங்கே சிந்தசைசர் இல்லை. பொத்தானும் இல்லை, அழுத்துவதற்கு. மீட்டிய ஒரு கம்பியின் ஓசையை நாடாவில் பதிந்து, நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே எடுத்தார். ஆய்வுக்கூடங்களில் கருவிகளைச் சோதிக்கப் பயன்படும் அலையியற்றிகளிலிருந்து இன்னும் சில ஒலிகள். ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நீளத்துக்கு நாடாவை அளந்து, சவர அலகால் வெட்டி, ஒட்டினார். இப்படிப் பிறந்த நாடாக்களை வெவ்வேறு பொறிகளில் ஏற்றி, ஒரே நொடியில் ஓடவிட்டு, ஒன்றாகக் கலந்தார். கோலம் போடுபவர் புள்ளி புள்ளியாக வைப்பதைப் போல ஒரு பாட்டைக் கட்டிய கதை இது. உழைப்பில்லாத இசை என்று இதை எவர் சொன்னாலும், அவர் கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறார் என்றுதான் பொருள்.

கேட்டு வியந்த கிரெய்னர், ஆக்கியோருள் ஒருவராக டெர்பிஷயரின் பெயரையும் சேர்க்க வேண்டும், வருவாயிலும் பங்கு தர வேண்டும் என்று விரும்பினார். அவருடைய பெருந்தன்மை அது. பிபிசி ஒப்பவில்லை. பட்டறையில் பணிபுரிவோர் பெயரின்றிப் பணிபுரிய வேண்டும் என்பது அலுவலக வழக்கம். பல்லாண்டுகளாக உலகத்தின் செவிகளில் ஒலித்த அந்த முகப்பிசையின்கீழ் டெர்பிஷயரின் பெயர் திரையில் முதன்முதல் தோன்றியது 2013இல், தொடரின் பொன்விழா நிகழ்ச்சியில். அவர் 2001இலேயே இறந்துவிட்டிருந்தார்.

மின்னணு இசையில் 'வெற்றி'யின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் நம் வழக்கு. திறமை இருந்ததா? இருந்தது. புதுமை? இருந்தது. கேட்போர் கூட்டம்? கோடிக்கணக்கில் இருந்தது. இல்லாதது தாளில் ஒரு பெயர்.

அட்லான்டிக்கின் மறுகரையிலும் இதே கதைதான். 1969இல் அமெரிக்காவின் 'தி வின்ஸ்டன்ஸ்' குழு வெளியிட்ட இசைத்தட்டொன்றின் பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்றொரு பாட்டு. அதன் நடுவே கிரெகரி கோல்மன் என்னும் முழவுக் கலைஞர் தனியே வாசிக்கும் பகுதி ஏழு நொடிகூட இராது. 1980களில் ஒலியைத் துண்டாக வெட்டி மறுபடி ஒலிக்கச் செய்யும் சாம்ப்ளர் பொறிகள் வந்தபின், அந்தச் சில நொடிகள் ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளமாயின. 1990களில் இலண்டனில் எழுந்த ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்னும் இசைவகைகளை அந்த முழவொலியின்றி எண்ணிப்பார்க்கவே முடியாது. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. 2006இல் வறுமையில் இறந்தார். குழுவின் தலைவரும் உரிமையாளருமான ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு இச்செய்தி தெரியவந்தபோது வழக்குத் தொடரும் காலவரம்பு கடந்துவிட்டிருந்தது. 2015இல் இங்கிலாந்தின் இசைக்கலைஞர் இருவர் மனம் உறுத்தி நன்கொடை திரட்டி அவருக்கு ஏறக்குறைய 24,000 பவுண்டு அனுப்பினார்கள். நல்ல செயல். ஆனால் பரிசில் வேறு, உரிமை வேறு.

நம் நாட்டுக் கதை ஒன்று வேண்டுமெனில் மும்பைக்குச் செல்வோம். சரண்ஜித் சிங் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துப் பிழைத்தவர். புதிய பொறி எது வந்தாலும் வாங்கிப் பார்க்கும் வேட்கை உடையவர். ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜுபிடர்-8 ஆகிய மூன்றையும் இணைத்து, பைரவி, லலித், யமன், மால்கௌன்ஸ் முதலிய பத்து இராகங்களை டிஸ்கோத் தாளத்தில் அமைத்து 1982இல் ஓர் இசைத்தட்டு செய்தார். எவரும் வாங்கவில்லை. டிபி-303 என்னும் அந்தப் பொறியே விலைபோகாத சரக்குத்தான். துணைக்கு ஆளில்லாத கிட்டார் கலைஞருக்குப் பேஸ் வாசிக்கும் என்று சொல்லி விற்கப்பார்த்து, தோற்று, 1984இல் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் அதைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, திருகக்கூடாத விதத்தில் திருகி, 'ஆசிட் ஹவுஸ்' என்னும் இசையைக் கண்டது அதற்குப் பின்னர். அவ்வகையின் முதல் இசைத்தட்டாகச் சொல்லப்படும் 'ஆசிட் டிராக்ஸ்' வெளியானது 1987இல். அதற்கும் ஐந்தாண்டு முன்னரே அதே பொறியிலிருந்து அதே சாயலில் ஓர் இசையைச் சரண்ஜித் சிங் வரைந்துவிட்டார் என்பதை 2010இல் ஒரு டச்சு நிறுவனம் அத்தட்டை மறுபடி வெளியிட்டபோதுதான் உலகம் கண்டுகொண்டது. அப்போது அவருக்கு ஏறத்தாழ எழுபது வயது. ஐரோப்பிய மேடைகள் அழைத்தன, சென்று வாசித்தார். 2015இல் மறைந்தார். அவர் சோறு உண்டது எதனால்? பிறர் மெட்டுக்கு வாசித்த கூலியால். திரைப்பாட்டு மெட்டுகளைக் கருவியில் வாசித்து வெளியிட்ட தட்டுகளால். உலகம் இன்று போற்றும் அந்தப் பத்து இராகங்களால் அன்று.

பயிற்சி நிலையத்தாரின் விளம்பரங்களில் சரண்ஜித் சிங்கின் படத்தை நாம் கண்டதில்லை. அங்கே எப்போதும் இருப்பது ஏ. ஆர். ரஹ்மானின் படம். அவரைக் காட்டுவதில் தவறில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் ரஹ்மானின் கதை 1992இல் 'ரோஜா'வில் தொடங்குகிறது. தந்தை ஆர். கே. சேகரைச் சிறுவயதில் இழந்த குடும்பம், அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு வாழ்ந்ததும், பள்ளிப் பருவத்திலேயே அச்சிறுவன் பிறர் குழுக்களில் கீபோர்டு வாசிக்கச் சென்றதும், விளம்பரத் துணுக்கிசை செய்த ஆண்டுகளும் அந்தக் கதையில் இடம்பெறுவதில்லை. மூன்று மாதத்தில் அடக்க முடியாத செய்திகள் அவை. இன்னொன்றும் விடுபடுகிறது. ரஹ்மானின் ஒலிநாடா உறைகளில் குழலூதியவர் யார், பேஸ் கிட்டார் வாசித்தவர் யார், ஒலிப்பதிவு செய்தவர் யார் என்று பெயர்கள் அச்சாயின. தமிழ்த் திரையிசையில் அதற்குமுன் அருகியே காணப்பட்ட வழக்கம். ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவர் அமைதியையும் தனித்தனியே எடுத்துக் கூறிய பின்னரே மாதவியை அரங்கேற்றுகிறார் இளங்கோவடிகள். அக்காதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். நடத்திவிட்டு வீடு திரும்பிக் கேட்கும் பாட்டில் அந்தத் தாளத்தை நிரலாக்கியவர் எவர் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பயிற்சிக் கையேடுகளில் காணாத பகுதி இது.

நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இசை தொடர்பாக அறிந்த ஆட்கள் சிலரே. இசையை ஆக்கியவர் ஒருவர். பாடியவரும் வாசித்தவரும் நிகழ்த்துநர். ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் யார் தெரியுமோ? அதைத் தயாரித்தவர், அதாவது பணம் போட்டு ஏற்பாடு செய்தவர். ஓர் அறையில் இரவெல்லாம் அமர்ந்து ஒரு முழவொலியை உருக்கி வார்ப்பவருக்கென்று தனிப்பெயர் அச்சட்டத்தில் இல்லை. 'நிகழ்த்துதல்' என்பதை நேரடியாக நிகழ்த்துவது என்றே சட்டம் வரையறுப்பதால், அந்த இடத்திலும் அவர் எளிதில் பொருந்துவதில்லை. ஆக்கியவர் என்று நிலைநாட்டிக்கொண்டால் உண்டு. 1994க்குப்பின் இசையைச் சுரக்குறிப்பாக எழுதிக்காட்ட வேண்டும் என்ற கட்டாயம் நீங்கிவிட்டதால் அதற்கு வழியும் உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசை ஆக்கியவருக்கும் விட்டுக்கொடுக்க இயலாத வருவாய்ப் பங்கை வழங்கியது. ஆனால் அப்பங்கைக் கேட்க, நீங்கள் ஆக்கியவர் என்பதற்கு ஒரு தாள் வேண்டும். பத்தொன்பதாம் பிரிவு சொல்வதைக் கேளுங்கள்: உரிமையை மாற்றித்தருவது எழுத்தில் இருக்க வேண்டும், கையொப்பம் வேண்டும், எந்த ஆக்கம், என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு என்று குறிக்க வேண்டும். ஆண்டு குறிக்காவிட்டால் ஐந்தாண்டு மட்டுமே. நிலம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டுமே. ஒரு பிற்பகல் போதும் இவ்வளவையும் கற்பிக்க.

கற்பிக்காததால் என்ன நேர்கிறது என்பதற்கு நம் வகுப்பிலிருந்தே ஒரு சான்று. இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு படித்த மாணவர் ஒருவர். விசைத்தறி ஓடும் ஊர். தாயின் சங்கிலி அடகுக்குப் போக, 1,20,000 ரூபாய் கட்டி ஒரு மின்னிசைப் பயிற்சியில் சேர்ந்தார். நிலையத்தின் பெயர் இங்கு வேண்டா. மென்பொருளை நன்றாகவே கற்றார் என்று சொல்ல வேண்டும். தம் தெருவின் தறியோசையைக் கைபேசியில் பதிந்து, அந்தத் தடக்குத் தடக்கையே தாளமாக்கி, அதன்மேல் ஒரு மெல்லிய இழையை ஓட்டி ஐந்து நிமிட இசையொன்று செய்தார். வகுப்பில் ஒலிக்கவிட்டபோது பேச்சு நின்றது. சில மாதம் கழித்து அது ஒரு குறும்படத்தில் வந்தது. 'இசை' என்ற எழுத்துக்குக் கீழே அந்நிலையத்தின் உரிமையாளர் பெயர். கேட்கப் போனபோது சேர்க்கைப் படிவத்தை எடுத்துக் காட்டினார்களாம்: பயிற்சிக் காலத்தில் மாணவர் ஆக்கும் அனைத்தும் நிலையத்துக்கே உரியன. பதினேழாவது விதி. கையொப்பம் மாணவருடையது.

ஆக, எழுதி வாங்கும் கலை அவர்களுக்குத் தெரியாததன்று. அதை மாணவருக்குக் கற்பிப்பதில்லை, அவ்வளவே. அச்சட்டத்தின் ஐம்பத்தேழாம் பிரிவையும் அவர்கள் சொல்லவில்லை. உரிமையை விற்றபின்னும் 'இது என் ஆக்கம்' என்று கோரும் உரிமை ஆக்கியவரை விட்டு நீங்குவதில்லை என்கிறது அது. வழக்கறிஞர் நண்பர் ஒருவர் துணையோடு அப்பிரிவைச் சுட்டி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். இதை எழுதும்வரை மறுமொழி இல்லை.

'இணையத்தில் ஏற்றினால் உலகமே கேட்குமே, இடையில் எவர் தயவும் வேண்டாவே' என்பது அடுத்த வாக்குறுதி. கேட்குமா? லூமினேட் என்னும் இசைத்தரவு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, இணையத்தில் ஒலிக்கக் கிடந்த 18.4 கோடிப் பாடல்களில் 4.56 கோடிப் பாடல்கள் அவ்வாண்டில் ஒருமுறைகூடக் கேட்கப்படவில்லை என்கிறது. ஆயிரம் முறையோ அதற்குக் குறைவாகவோ கேட்கப்பட்டவை 15.86 கோடி. ஸ்பாட்டிஃபை 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையேனும் ஒலிக்காத பாட்டுக்கு எதுவும் தருவதில்லை என்று விதி வகுத்துக்கொண்டது. இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு நாள்தோறும் பல்லாயிரம் பாட்டுகளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. முதலைக் கயம் எங்கே என்று சொல்லாமல் இறங்கு என்பது எவ்வகை ஆற்றுப்படை?

வேறு வழியே இல்லையா என்றால், உண்டு. டெட்ராயிட் நகரின் ஜுவான் அட்கின்ஸ் 1985இல் மெட்ரோபிளெக்ஸ் என்று தமக்கென ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். நண்பர்கள் டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோரும் பின்னர்த் தத்தமக்கென ஒன்று தொடங்கினார்கள். பெருநிறுவனங்கள் திரும்பிப் பாராத ஊரில், டெக்னோ என்று உலகம் இன்றழைக்கும் இசையை அவர்கள் தம் பெயரிலேயே அச்சிட்டு விற்றார்கள். பின்னாளில் பெரும்பணம் ஐரோப்பிய மேடைகளுக்கே போயிற்று என்பதும் மெய். ஆயினும் டெக்னோவை ஆக்கியவர் எவர் என்ற கேள்விக்கு விடை தேட ஐம்பதாண்டு காத்திருக்க வேண்டியதில்லை, தட்டிலேயே இருக்கிறது. நம்மவர் ஒருவரையும் சொல்லலாம். ஈழத்துப் பெற்றோரின் மகளாக இலண்டனில் பிறந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில், ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பொறியில் தம் தொடக்கப் பாட்டுகளை வடித்தார். முதல் பாட்டு 2003இல் ஐந்நூறு படிகளே அச்சாயிற்று. 2005இல் தம் தந்தையின் இயக்கப் பெயரையே தொகுப்பின் பெயராக அட்டையில் பொறித்தார். அந்தப் பொறியை விற்ற கடைக்காரர் எவரும் அட்டையில் இல்லை.

ஆதலால் இசைப்பயிற்சி விற்போரிடம் நாம் கேட்பது மிகச் சிறிது. உங்களிடம் பயின்றோரில் எத்தனை பேர் இவ்விசையால் மட்டுமே உண்கிறார்கள் என்று விளம்பரத்தில் அச்சிடுங்கள். மாணவர் ஆக்கத்தை உங்களுக்கு உரியதாக்கும் விதியைப் படிவத்திலிருந்து நீக்குங்கள். பத்தொன்பதாம் பிரிவையும் ஐம்பத்தேழாம் பிரிவையும் முதல் வாரத்தில் கற்பியுங்கள். அதற்கு நாமே வந்து தமிழில் பாடம் எடுக்கவும் அணியம், கட்டணம் வேண்டா. பெயரை மறைத்து முழுப்பாட்டையும் பிறர்க்கு விற்கும் 'கோஸ்ட் புரொடக்ஷன்' தொழிலை வருவாய் வழி என்று புகழ்வதானால், விற்பவர் எதை இழக்கிறார் என்பதையும் அதே பாடத்தில் சொல்லுங்கள்.

இப்படியெல்லாம் அச்சுறுத்தினால் பிள்ளைகள் இசைப்பக்கமே வரமாட்டார்கள் என்று நண்பர் ஒருவர் வருந்தினார். நம் மாணவர் போய்விடவில்லை. பங்குனியிலும் சித்திரையிலும் கோயில் திருவிழாக்களில் ஒலியமைப்புக்குப் போகிறார். கூலி அன்றிரவே கைக்கு வந்துவிடுகிறது. சென்ற மாதம் ஒரு குறும்படக் குழுவினர் தறியோசையில் இன்னொன்று கேட்டு வந்தபோது, ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொண்டு நம்மிடம் திருத்தம் கேட்க வந்தார். இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன. மற்றபடி ஆக்கம், உரிமை, ஆண்டு, நிலம் எல்லாம் முறையாகக் குறித்திருந்தார்.